லெய்க்கா வேடத்தில் ஃபெட்

பழைய கேமராச் சந்தையில் பொன்முலாம் பூசிய லெய்க்காக்கள் அவ்வப்போது விற்பனைக்கு வருகின்றன. 1936 பெர்லின் ஒலிம்பிக் நினைவாகச் செய்யப்பட்டது என்றோ, ஜெர்மானிய விமானப் படைக்கு உரியது என்றோ அவற்றின் மேல் பொறித்திருக்கும். விலையும் ஆசை காட்டும். அவற்றில் பெரும்பாலானவை ஜெர்மனியில் பிறந்தவையே அல்ல. சோவியத் நாட்டின் ஃபெட், சோர்க்கி வகை ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களின் பழைய பெயரைத் தேய்த்து அழித்துவிட்டு, புதுப் பெயர் சூட்டப்பட்டவை.

விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாத சந்தை எப்படிச் சீர்கெடும் என்பதை, பழைய கார்களைக் கொண்டு 1970-இல் விளக்கினார் ஜார்ஜ் அகெர்லாஃப். 2001-இல் அவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மைக்கேல் ஸ்பென்ஸ் தந்த விடைதான் இங்கு நமக்குப் பயன்படும் என்பது என் கருத்து. போலி செய்பவருக்கு அதிகச் செலவு வைக்கும் அடையாளமே நம்பத்தக்கது. எழுத்துப் பொறிக்க ஆகும் செலவோ சொற்பம். எனவே பொறிப்பைச் சான்றாகக் கொள்ளலாகாது.

லென்ஸைத் திருகிக் கழற்றி உள்ளே பார்க்க வேண்டும். மேற்பகுதியில், தொலைவு காட்டும் அமைப்பை இயக்கும் சிறு நெம்புகோலின் முனை தெரியும். லெய்க்காவில் அந்த முனையில் சுழலும் வட்ட உருளை இருக்கும். ஃபெட்டிலும் தொடக்ககால சோர்க்கியிலும் இருப்பது சுழலாத, ஆப்பு போன்ற துண்டு. இதை மாற்றுவது எளிதன்று. மாற்ற மெனக்கெடுபவர்களும் குறைவு. லென்ஸும் காட்டிக்கொடுத்துவிடும். லெய்க்காவின் எல்மாரில் ஒளியளவைக் குறைக்கும் இதழ்த்திரை முதல் கண்ணாடிக்கு அடுத்தே அமைந்திருக்கும். அதன் சாயலில் வந்த சோவியத் லென்ஸில் இரண்டாம் கண்ணாடிக்குப் பின்னால்.

இந்த மோசடியில் இழப்பு வாங்குபவரின் பணத்தோடு நின்றுவிடுவதில்லை. ஆதரவற்ற சிறார்களுக்காகக் கார்கிவ் நகரில் 1927-இல் தொடங்கப்பட்டு, கல்வியாளர் அன்டன் மகரென்கோ வழிநடத்திய உழைப்புக் குடியிருப்பில் உருவானது ஃபெட். சோவியத் இரகசியக் காவல்துறையை நிறுவிய ஃபெலிக்ஸ் எட்மண்டோவிச் ஜெர்ஜின்ஸ்கியின் பெயரெழுத்துகளே கேமராவின் பெயராயின. லெய்க்காவைப் பார்த்துச் செய்த நகல்தான். ஆயினும் 1934-இல் அதன் தொடர் உற்பத்தி தொடங்கியபோது அதைச் செய்த கைகளில் பல அந்தச் சிறார்களுடையவை. முற்காலக் கேமராக்களின் தலைப்பகுதியில் அந்தக் குடியிருப்பின் பெயரும் ஊரும் இருக்கும். போலி செய்பவர் முதலில் தேய்ப்பது அந்த வரிகளைத்தான்.

உண்மையான சோவியத் கேமராக்களையும் ‘அரியது’ என்ற சொல்லை நம்பி வாங்கக் கூடாது. சோர்க்கி-4 மட்டும் 1956 முதல் 1973 வரை 17 லட்சத்துக்கும் மேல் தயாரானது. அதை உருவாக்கிய கிராஸ்னகோர்ஸ்க் ஆலையின் வரிசை எண்களில் முதல் இரு இலக்கங்கள் பொதுவாக ஆண்டைக் குறிக்கும். உடலின் எண் 58 என்றும் லென்ஸின் எண் 71 என்றும் தொடங்கினால், அந்த ஜோடி பின்னாளில் சேர்க்கப்பட்டது. கீவ் கேமராக்களிலும் இவ்வழக்கம் உண்டு.

போருக்கு முந்தைய ஃபெட்களில் இந்த ஜோடிப் பொருத்தம் இன்னும் முக்கியம். அன்று அளவுகள் முழுமையாகத் தரப்படுத்தப்படாததால், ஒவ்வோர் உடலுக்கும் அதற்கெனச் சரிசெய்யப்பட்ட லென்ஸ் இருந்தது. மற்றொன்றை மாட்டினால் படம் தெளியாமல் போகலாம். லென்ஸை மாற்றிப் ‘புதுப்பித்த’ ஃபெட்டுக்குக் கூடுதல் விலை கேட்பார்கள். நான் குறைத்தே கேட்பேன்.