வண்டியை எங்கே நிறுத்துவது?

ஊரிலிருந்து உறவினர் வருகிறார் என்றால் விடுதி மாணவனுக்கு உவகை ஒருபுறம், உதறல் ஒருபுறம். உவகை, அவர் கொண்டுவரும் முறுக்கையும் அதிரசத்தையும் எண்ணி. உதறல், "ஒரே நாளில் மும்பையைச் சுற்றிக் காட்டு" என்று அவர் கேட்கப் போவதை எண்ணி. சென்ற ஆண்டு எனக்கு வந்த உதறலுக்கு நான்கு சக்கரங்களும் இருந்தன. புனேயில் மகனோடு வசிக்கும் என் தாய்மாமன், அத்தையையும் அழைத்துக்கொண்டு காரிலேயே வந்து இறங்கினார்.

மாமா பத்து வயது வரை தாராவியில் வளர்ந்தவர். என் பாட்டனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைக்க வந்து, அங்கே தோல் பதனிடும் ஆலையில் உழைத்தவர். "அந்தத் தெருவ ஒருதரம் பாத்துட்டாப் போதும்" என்றார் மாமா. அத்தைக்கோ 'கேட்வே ஆப் இந்தியா'வைக் காண ஆசை. நான் பட்டியல் போட்டேன்: கேட்வே, அருங்காட்சியகம், ராஜாபாய் கோபுரம், மெரின் டிரைவ், மாட்டுங்காவில் சாப்பாடு, கடைசியில் தாராவி. எல்லாம் காரில்!

பட்டியலில் இல்லாத ஒன்றுதான் அன்றைய பொழுதை விழுங்கிற்று. கோட்டைப் பகுதியில் கட்டணம் கொடுத்து வண்டி நிறுத்தும் இடங்கள் நிரம்பி வழிந்தன. சுற்றிச் சுற்றி வந்து, ஒரு தெருவில் காலியிடம் கண்டு நிறுத்தினோம், பலகையைப் படிக்கவில்லை. ஒற்றைப்படைத் தேதியில் ஒரு பக்கம், இரட்டைப்படைத் தேதியில் மறுபக்கம் என்று சில தெருக்களில் விதி உண்டு. நாங்கள் நின்றது தவறான பக்கம். திரும்பி வந்தபோது சக்கரத்தில் பூட்டு! தண்டம் கட்டி மீண்டு, நெரிசலில் ஊர்ந்து, தாராவியின் தொண்ணூறடிச் சாலையை அடைந்தபோது இருட்டிவிட்டது. அங்கும் நிறுத்த இடமில்லை. பின்னால் ஊதல் ஒலி. மாமா கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தார். "பரவால்ல மருமவனே, இன்னொரு தடவ பாத்துக்கிடலாம்" என்றார். அவர் வைதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறுத்தியிராது.

பிறகுதான் யோசித்தேன். ஏழு தீவுகளை இணைத்து உண்டான இந்நகர் நீண்டு ஒடுங்கியது. கோட்டை மதில்கள் 1860-களில் இடிக்கப்பட்டன. உள்ளே இருந்த தெருக்களோ குதிரைவண்டிக் காலத்து அகலத்தோடுதான் நின்றன. ஆனால் போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு 1853 ஏப்ரல் 16-இல் ஓடிய முதல் ரயிலுக்குப் பின், நகரம் இருப்புப்பாதையை ஒட்டியே வளர்ந்தது. ஆகவே இதைச் சுற்றிப் பார்க்கவும் அதுவே வழி. காரைத் தெற்கே கொண்டுபோகவே கூடாது.

மாமா இவ்வாண்டு தை மாதம் மறுபடி வந்தார். இம்முறை காரைச் செம்பூரிலேயே, நண்பன் ஒருவனின் அடுக்ககத்தில் முதல்நாளே சொல்லிவைத்து நிறுத்தினோம். புனேயிலிருந்து வருவோருக்குச் செம்பூர் வழியில்தான் இருக்கிறது. திரும்பும்போதும் நகர நெரிசலைத் தொடவேண்டியதில்லை. நம் சங்கத்தில் செம்பூர்வாசிகள் இல்லாமலா போவார்கள்? கேளுங்கள்.

நாள், சனிக்கிழமை. ஞாயிறன்று சாலைகள் காலியாக இருக்கும் என்பது உண்மையே. ஆனால் பழுது பார்ப்பதற்காக 'மெகா பிளாக்' என்று சொல்லிப் பகலில் ரயில்களைக் குறைத்துவிடுவார்கள். ஞாயிறுதான் வாய்க்குமென்றால் முதல்நாள் செய்தித்தாளைப் பார்த்துக்கொள்க. எலிபெண்டாவை இதே நாளில் திணிக்காதீர்கள். படகில் போய்ச் சேரவே ஏறக்குறைய ஒரு மணி நேரம். திங்களன்று குகைகளுக்கு விடுமுறை வேறு.

வந்தவர் எதற்காக வந்தாரோ அதை முதலில் வைத்தேன். சேடா நகர் முருகனை வணங்கிவிட்டு, காலையிலேயே செம்பூரில் ஹார்பர் ரயில் ஏறினோம். குர்லாவில் மாறி, மெதுரயிலில் ஒரே நிலையம், சயான். விரைவு ரயில் சயானிலும் மாட்டுங்காவிலும் நிற்காது. முதியோருக்கு மேம்பாலப் படிகள் சிரமம். அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

சயானிலிருந்து தாராவி கூப்பிடு தூரம். மாமாவின் பழைய குடியிருப்பு இருந்த இடத்தில் மாடிக் கட்டடம் நின்றது. தோல் ஆலைகள் போய்விட்டன. தோல்பையும் இடைவாரும் செய்யும் பட்டறைகள் இருக்கின்றன. ஒரு திருப்பத்தில் மாமா சட்டென நின்று, "இங்கதான் குழாயடி" என்றார். வாசலில் அமர்ந்திருந்த மூதாட்டி, "எந்த ஊருய்யா?" என்று நெல்லைத் தமிழிலேயே கேட்டார். அவ்வளவுதான், முக்கால் மணி நேரம் போயிற்று. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அப்பகுதி முழுவதையும் இடித்துக் கட்டும் திட்டம் நடந்துவரும் காலம். அந்தத் திருப்பம் இன்னும் எத்தனை நாளோ! ஒன்று சொல்வேன்: அது மக்கள் வாழும் வீதி. கேளாமல் படம் எடுக்காதீர்கள்.

அடுத்த நிலையம் மாட்டுங்கா. (மேற்குப் பாதையிலுள்ள மாட்டுங்கா ரோடு வேறு, மயங்கவேண்டாம்.) 2017-இலேயே முழுவதும் மகளிர் பணியாளரைக் கொண்டு நடத்தத் தொடங்கிய நிலையம் இது என்றதும் அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. நிலையத்தின் எதிரிலேயே 1942-இல் தொடங்கிய ராம நாயக்கின் உடுப்பி உணவகம், வாழையிலைச் சாப்பாடு.

உண்ட களைப்போடு மெதுரயிலில் வி.டி. சேர்ந்தோம். 1888-இல் கட்டி முடித்து, இன்று சத்ரபதி சிவாஜி மகராஜ் பெயர் தாங்கும் அம்முனையமே பார்க்கவேண்டிய காட்சிதான். ஹார்னிமன் வட்டம், ராஜாபாய் கோபுரம், அருங்காட்சியகம் ஆகியவற்றை நிழல் பார்த்து நடந்து கண்டோம். அத்தைக்குக் கால் வலித்தபோது வாடகைக் கார். வெயில் சாய்ந்ததும் கேட்வே. 1948 பிப்ரவரி 28-இல் கடைசி ஆங்கிலப் படை வெளியேறிய வாயில் இதுவென்று சொன்னேன். அத்தை கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வரலாறு காற்றோடு போயிற்று.

இரவில் வி.டி.யிலிருந்தே புறப்படும் ஹார்பர் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. செம்பூரில் கார் விட்ட இடத்திலேயே, காக்கை எச்சத்தோடு நின்றது. அதைத் துடைத்துவிட்டு மாமா புனேக்குக் கிளம்பினார்.