பாக்கின்சன் நோயும் நடைப் பயிற்சியும்: தலையில் பூட்டும் கருவி உதவுமா?

அண்மையில் ஒரு மகள் தன் தந்தையை எங்களிடம் அழைத்து வந்தார். ஐயாவுக்குப் பாக்கின்சன் நோய் கண்டு ஆறு வருடங்கள். வீட்டுக்குள் ஓரளவு நடப்பார். ஆனால் குசினி வாசலுக்கு வந்ததும் கால்கள் நிலத்தோடு ஒட்டியதுபோல் நின்றுவிடும். "வயது போனால் இப்படித்தானே" என்று குடும்பம் பேசாமல் இருந்துவிட்டது. விழுந்து மணிக்கட்டு முறிந்த பின்னர்தான் வந்தார்கள். மகளின் கையில் ஒரு விளம்பரத் தாள். அதில் தலையில் பூட்டும் சிறிய மின்கருவியின் படம். "டொக்டர், இதை வாங்கிப் பூட்டினால் அப்பா நடப்பாரோ?"

இக்கேள்வி வேறு குடும்பங்களுக்கும் இருக்கக்கூடும் என்பதால் இம்முறை அதுபற்றி எழுதுகிறோம்.

நடை ஏன் தடைப்படுகிறது?

இந்நோயை 1817இல் லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பாக்கின்சன் விவரித்தார். மூளையின் ஆழத்தில் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கும் கலங்கள் படிப்படியாக அழிவதே இதன் அடிப்படை. நாம் நடக்கும்போது ஒவ்வோர் அடியையும் யோசித்து வைப்பதில்லை. மூளை தானாகவே பார்த்துக்கொள்ளும். டோபமின் குறையும்போது அந்தத் தானியக்கம் குலைகிறது. அடி சிறுக்கும், கைவீச்சு குறையும். வாசல், திரும்பும் இடம், ஒடுங்கிய வழி ஆகியவற்றில் கால் உறைந்து நிற்கும். லெவோடோபா குளிசை விறைப்பையும் மந்தத்தையும் நன்கு குறைக்கும். ஆனால் கால் உறைதலும் சமநிலைக் குறைவும் குளிசைக்கு முழுதாக அடங்குவதில்லை. இங்குதான் பயிற்சி தேவைப்படுகிறது.

வெளியிலிருந்து மூளையைத் தூண்டுதல்

சத்திரசிகிச்சை இன்றி மூளையைத் தூண்டும் முறைகள் முக்கியமாக இரண்டு. முதலாவது, உப்புநீரில் நனைத்த இரு ஸ்பொஞ் தகடுகளைத் தலையில் வைத்து, 1 முதல் 2 மில்லிஅம்பியர் வரையான மெல்லிய மின்னோட்டத்தைச் சுமார் 20 நிமிடம் செலுத்துவது. இலேசான கடியும் தோல் சிவத்தலும் ஏற்படலாம். இரண்டாவது, காந்தச் சுருளைத் தலையருகே பிடித்துக் காந்தத் துடிப்புகளைச் செலுத்துவது. இம்முறையை 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அன்ரனி பார்க்கர் குழுவினர் செய்து காட்டினர்.

இவை தாமாக நடையைத் தந்துவிடுவதில்லை. மூளைக் கலங்களைச் சற்று விழிப்பான நிலைக்குக் கொண்டுவந்து, அவ்வேளையில் நடைப் பயிற்சி கொடுத்தால் பயிற்சி ஆழமாகப் பதியும் என்பதே எண்ணம். உழுத நிலத்தில் விதைப்பதுபோல. உழுதுவிட்டு விதைக்காமல் விட்டால் பயனில்லை.

ஆய்வுகள் சொல்வது என்ன?

2014இல் வெளியான லண்டன் ஆய்வொன்றில், மின்தூண்டலோடு பயிற்சி பெற்றபோது நடைவேகம் கூடுதலாக முன்னேறியது. ஆனால் அதில் இருந்தவர்கள் 16 பேர் மட்டுமே. வேறு சில ஆய்வுகளில், கருவியை வைத்து மின்னோட்டம் செலுத்தாமல் பயிற்சி மட்டும் பெற்றவர்களும் ஏறக்குறைய அதேயளவு முன்னேறினர். இரு பகுதியினரும் நடந்தார்கள் என்பதே காரணம். எனவே தூண்டல் இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. பயிற்சியின் பலன் பற்றிச் சந்தேகமில்லை.

நாம் மறக்கக்கூடாத ஒன்று

தலைக்குள் உலோகம், காது நரம்புக் கருவி, இதயமுடுக்கி உள்ளவர்களும் வலிப்பு வந்தவர்களும் நிபுணரின் அனுமதியின்றி இவற்றை நெருங்கக்கூடாது. இதை ஐயாவிடம் சொன்னபோது அவர் காதுக்குப் பின்னால் தடவிக் காட்டினார். 1987இல் யாழ்ப்பாணத்தில் விழுந்த ஷெல்லின் துண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. மகளுக்கே அது தெரியாது. எங்களில் பலர் இப்படித்தான் வந்து சேர்ந்தோம். எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கும் இது முக்கியம். பெற்றோரிடம் கேட்டு, குடும்ப வைத்தியரிடம் பதிந்து வையுங்கள்.

இன்றே செய்யக்கூடியவை

1. பாக்கின்சன் அனுபவமுள்ள பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்பும்படி வைத்தியரிடம் கேளுங்கள்.

2. குளிசை நன்றாக வேலைசெய்யும் நேரத்தில் பயிற்சி செய்யுங்கள். குளிசையைத் திடீரென நிறுத்தவேண்டாம்.

3. கால் உறையும் இடத்தில் ஓரடி அளவு இடைவெளியில் நிறக்கோடுகள் ஒட்டுங்கள். அல்லது தாளம் போட்டு அதற்கேற்ப நடக்கச் செய்யுங்கள்.

4. கால் உறைந்தால் இழுக்கவேண்டாம். நிற்கட்டும்; நிமிரட்டும்; உடல் பாரத்தை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றி, பின் பெரிய அடியாக எடுத்து வைக்கட்டும்.

5. நடக்கும்போது தேநீர்க் கோப்பையைக் கையில் கொடுப்பதையும் கதை கேட்பதையும் தவிருங்கள். வழுக்கும் கால்மிதிகளை அகற்றுங்கள்.

6. பனிக்காலத்தில் கடைத்தொகுதிக்குள் கூட்டிச் சென்று நடக்கவிடுங்கள்.

தூண்டல் சிகிச்சையில் ஆர்வமிருந்தால், வைத்தியசாலையில் முறையாக நடக்கும் ஆய்வில் சேரமுடியுமா என நரம்பியல் நிபுணரிடம் விசாரியுங்கள். விளம்பரம் பார்த்து வாங்கி வீட்டில் பூட்டவேண்டாம்.

அந்த மகள் கருவி வாங்கவில்லை. ஒரு சுருள் மஞ்சள் ரேப் வாங்கிக் குசினி வாசலில் கோடுகள் ஒட்டினார். பிசியோதெரபிஸ்ட் காட்டிக்கொடுத்தபடி ஐயா தினமும் பயிற்சி செய்கிறார். சில நாட்களில் இன்னமும் கால் உறைகிறது. ஆனால் பெரும்பாலான காலைகளில் தன் தேநீரைத் தானே குசினிக்குப் போய்க் குடிக்கிறார்.