உட்கார ஒரு ஸ்டூல் கிடைக்குமா? புதுவை கடை ஊழியர்களின் கால்வலிக் கதை!

"வாங்கம்மா, என்ன பாக்குறீங்க? பட்டா, காட்டனா?"

புதுவை நேரு வீதியில் எந்த ஜவுளிக் கடையில் கால் வைத்தாலும் முதலில் காதில் விழும் வார்த்தை இதுதான். சிரித்த முகத்தோடு கூப்பிடும் அந்தப் பெண் காலையில் கடை திறந்தபோது நின்றவர். இரவு ஷட்டர் இறங்கும்போதுதான் அவர் கால் மடங்கும்.

நாற்பது சேலையைப் பிரித்துப் போடச் சொல்கிறோம். "வேற டிசைன் இருக்கா?" என்கிறோம். கடைசியில் "அப்புறம் வரேன்" என்று நடையைக் கட்டுகிறோம். நாற்பதையும் மடிப்புக் கலையாமல் மடித்து அடுக்குவது யார்? அதே பெண்தான்!

இதுவும் ஒரு தொழில்

"கடையிலதானே நிக்கிறா" என்று லேசாகப் பேசுவார்கள். நின்று பார்த்தால்தான் தெரியும். வந்தவர் வாங்க வந்தாரா, விலை கேட்க வந்தாரா என்பதைப் பார்வையிலேயே எடை போட வேண்டும். கல்யாண ஜவுளி என்றால் மாமியாருக்கும் பிடிக்க வேண்டும், மருமகளுக்கும் பிடிக்க வேண்டும். கேட்ட நிறத்துக்கு ஜாக்கெட் துணி எந்தத் தட்டில் இருக்கிறது என்பது மனப்பாடமாக இருக்க வேண்டும்.

பொட்டலம் கட்டும் பையனாகச் சேர்ந்து, சேல்ஸ்மேனாகி, செக்ஷனுக்குப் பொறுப்பாளராகி, பிறகு சொந்தமாகக் கடை போட்டவர்கள் உண்டு. இருபது வருஷம் கழித்தும் அதே கவுண்டரில் நிற்பவர்களும் உண்டு.

அன்று ரத்தம் சிந்திய ஊர்

வேலை நேரத்துக்காக உயிரையே கொடுத்த ஊர் புதுவை. 1936 ஜூலை 30. சவானா மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிகள் பாய்ந்தன. 12 பேர் பலியானார்கள். வ.சுப்பையா முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான் 8 மணி நேர வேலை இங்கே சட்டமானது.

இன்று அந்த மில்களின் சங்கு ஓய்ந்துவிட்டது. ஏ.எப்.டி. மில்லும் 2020-ல் மூடப்பட்டது. மில்லுக்குப் போன குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இப்போது கடை வேலையும் ஒரு வழி.

கடைகளுக்கும் சட்டம் உண்டு. 1964-ம் ஆண்டின் புதுவை கடைகள், நிறுவனங்கள் சட்டம் வேலை நேரத்துக்கு வரம்பு கட்டியிருக்கிறது. வாரம் ஒரு நாள் விடுமுறையும் தருகிறது. ஆனால் தீபாவளி, பொங்கல் வந்துவிட்டால் கடிகாரத்தை யார் பார்க்கிறார்கள்?

நின்றால் என்ன ஆகும்?

காலுக்குப் போன ரத்தம் மேலே ஏற, கெண்டைச் சதை அசைய வேண்டும். ஒரே இடத்தில் மணிக்கணக்கில் நின்றால் ரத்தம் கீழேயே தேங்கும். கால் வீங்கும். நாளடைவில் நரம்பு நீலமாகப் புடைத்துச் சுருண்டுகொள்ளும். 'வெரிகோஸ்' என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். கழிப்பறை வசதி சரியில்லாத கடைகளில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வது இன்னொரு கொடுமை.

வழிகாட்டிய கோழிக்கோடு

இதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்கள் கேரளத்துப் பெண்கள். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் வேலை பார்த்த பெண்களைத் திரட்டினார் விஜி என்ற தையல்காரப் பெண். முதலில் கழிப்பறை கேட்டார்கள். பிறகு உட்கார இடம் கேட்டார்கள். 2018-ல் கேரள அரசு கடைச் சட்டத்தைத் திருத்தி, உட்காரும் உரிமையைக் கொடுத்தது.

2021 செப்டம்பரில் தமிழக சட்டசபையிலும் இதே போன்ற திருத்தம் நிறைவேறியது. எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி வேண்டும் என்றது அந்தச் சட்டம்.

ஆனால் கோரிமேட்டு எல்லையில் அந்தச் சட்டம் நின்றுவிடும். புதுவைக்குத் தனி சட்டசபை, தனிச் சட்டம்!

இருந்தாலும் ஒரு வழி பிறந்திருக்கிறது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த மத்திய அரசின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, நின்று வேலை செய்பவர்களுக்கு உட்கார வசதி வேண்டும் என்கிறது. 10 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் இடங்களுக்கு இது பொருந்தும். நாலைந்து பேரை வைத்து நடக்கும் சின்னக் கடைக்கு? அங்கே முதலாளியின் மனசுதான் சட்டம்.

கேட்டு வாங்குங்கள்!

இந்தத் தொழிலை நம்பி வாழ்பவர்கள் சில விஷயங்களைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

10 பேர் வேலை செய்யும் கடை என்றால் இ.எஸ்.ஐ. உண்டு. சம்பள வரம்பு 2017-ல் 21 ஆயிரம் ரூபாயாக உயர்ந்தது. சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய் நீங்கள் கட்டினால், மூன்றேகால் ரூபாய் முதலாளி கட்ட வேண்டும். 20 பேர் இருந்தால் பி.எப். உண்டு.

ஐந்து வருஷம் தொடர்ந்து இருந்தால் பணிக்கொடை உண்டு. ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் என்பது கணக்கு. கடைசிச் சம்பளம் 13 ஆயிரம், பத்து வருஷ வேலை என்றால் 75 ஆயிரம் ரூபாய் வர வேண்டும். பேர் ஏட்டில் ஏறினால்தான் இதெல்லாம் கிடைக்கும். ஆகவே சேரும்போதே சம்பளச் சீட்டு கேளுங்கள்.

முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. அந்தக் காலத்து ஜவுளிக் கடையில் விரிப்புப் போட்டு, விற்பவரும் வாங்குபவரும் உட்கார்ந்துதான் துணி பார்த்தார்கள். யாருக்கும் மரியாதை குறையவில்லை. வியாபாரமும் படுக்கவில்லை.

கூட்டம் இல்லாத மத்தியான நேரத்தில் பத்து நிமிஷம் உட்கார ஒரு ஸ்டூல். ஒரு பட்டுச் சேலை விற்ற லாபத்தில் நாலு ஸ்டூல் வாங்கலாமே!