சிலேபி மீனும் அதன் ஒட்டுண்ணிகளும்

குளத்து மீனின் வயிற்றில் புழு தென்பட்டால் அதை உண்ணலாமா என்று நோயாளிகளும் குடும்பத்தினரும் எங்களிடம் கேட்பதுண்டு. இதற்கு விடை காண, நம் குளங்களில் எளிதாகக் கிடைக்கும் சிலேபி மீனின் வாழ்வை அறிந்துகொள்வது உதவும்.

சிலேபி நம் நாட்டு மீன் அன்று. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இம்மீன் 1952இல் உணவுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. தாய் மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயிலேயே வைத்துக் காப்பதால் பெரும்பாலானவை பிழைத்துவிடுகின்றன. ஆண்டில் பலமுறை இனம்பெருக்கும்; உவர்நீரையும் உயிர்வளி குறைந்த நீரையும் தாங்கும். இதனால் இரைக்கும் இடத்துக்கும் நம் நாட்டு மீன்கள் இதனோடு போட்டியிட நேர்கிறது.

புதிய நிலத்துக்கு வரும் உயிரினம் தன் பழைய ஒட்டுண்ணிகள் பலவற்றை விட்டுவிட்டே வருகிறது. நத்தை, பறவை எனப் பல உயிர்களுக்குள் மாறிமாறி வளர வேண்டிய புழுக்கள் புது இடத்தில் எளிதில் நிலைபெறுவதில்லை. ஆனால் மீனிலிருந்து மீனுக்கு நேரடியாகத் தொற்றும் நுண்ணிய செவுள் புழுக்கள் சிலேபியுடனேயே பல நாடுகளுக்குப் பரவிவிட்டன. கோடையில் குளம் வற்றி மீன்கள் நெருங்கும்போது இவை பெருகி, மீனின் மூச்சைத் தடுக்கின்றன. மறுபுறம், உள்ளூர் ஒட்டுண்ணிகளுக்கும் சிலேபி ஒரு புதிய இருப்பிடமாகிவிடுகிறது.

செவுள் புழுக்கள் மனித உடலில் வாழ்வதில்லை. அவற்றுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் நன்னீர் மீனின் சதையில் மறைந்திருக்கும் வேறு சில இளம்புழுக்கள் மனிதரைத் தாக்கக்கூடும். எகிப்தின் நைல் கழிமுகத்தில், சரியாக வேகாத அல்லது போதிய அளவு உப்பிடப்படாத மீனை உண்போருக்குக் குடல் தட்டைப்புழு நோய் வருவது நெடுங்காலமாக அறியப்பட்டது. அங்கு அதைச் சுமக்கும் மீன்களுள் சிலேபியும் ஒன்று.

நன்கு கொதித்த குழம்பில் இத்தகைய புழுக்கள் உயிர் பிழைப்பதில்லை. உட்சதை 63 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக வேண்டும். எலுமிச்சைச் சாறும் மசாலாவும் புழுவைக் கொல்லும் என்று நம்பலாகாது. வெளியே கருகி உள்ளே வேகாத சுட்ட மீனைத் தவிர்க்க வேண்டும். செவுளையும் குடலையும் முழுமையாக நீக்குவது நல்லது.

சுத்தம் செய்யும் கைக்கும் காப்பு வேண்டும். 1995-96இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், சிலேபி உள்ளிட்ட மீன்களைக் கையாண்டபோது காயமுற்ற சிலருக்கு, மீனிலிருந்த ஒரு பாக்டீரியாவால் தோலடித் தொற்று ஏற்பட்டது. சிலேபியின் முதுகுத் துடுப்பு முள் கூர்மையானது. நீரிழிவு நோயாளிகளும், கல்லீரல் நோயுற்றோரும், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்வோரும் கையுறை அணிய வேண்டும். அல்லது அப்பணியைப் பிறரிடம் விட வேண்டும். முள் குத்தினால் உடனே சோப்பு நீரில் கழுவுங்கள். சிவப்பு, வீக்கம், காய்ச்சல் தோன்றினால் தாமதியாமல் மருத்துவரை நாடுங்கள்.

வெள்ளங்குளி அருகே கன்னடியன் கால்வாயிலிருந்து தாமிரபரணி வெள்ளநீரைத் திசையன்விளைப் பகுதியின் எம்.எல். தேரி வரை கொண்டுவரும் கால்வாய் சுமார் 75 கி.மீ. நீளமுடையது. நீர் செல்லும் வழியே மீனும், மீனோடு ஒட்டுண்ணியும் செல்லக்கூடும். ஆகவே மீன் கழிவைக் குளத்திலோ கால்வாயிலோ கொட்டாமல் ஆழக் குழிதோண்டிப் புதையுங்கள். வீட்டுத் தொட்டியில் வளர்த்த அயல்நாட்டு மீன்களையும் அந்நீரில் விடாதீர்கள்.