முறிந்த தண்டுவடமும் குருத்தணு மருத்துவமும்

தென்னை ஏறிப் பிழைக்கும் குடும்பங்களைக் கன்னிவாடிப் பகுதியில் வாழும் நாம் நன்கறிவோம். கால் தவறி விழுந்து முதுகெலும்பு முறிந்தால், ஒரே நாளில் ஒரு குடும்பம் நிலைகுலைந்து போகிறது. பெருநகரில் ஓர் ஊசி போட்டால் கால் மீண்டும் நடக்கும் என்று எவரேனும் சொன்னால், இருக்கும் காணியையும் விற்றுவிடத் துணிவதில் வியப்பில்லை. ஆதலின் 'ஸ்டெம் செல்' எனப்படும் குருத்தணு பற்றிய உண்மை நிலையை அறிந்துகொள்வது நம் கடமையாகும்.

தோலில் பட்ட காயம் ஆறும். முறிந்த எலும்பும் கூடும். ஆனால் மூளையின் கட்டளைகளை உடலெங்கும் கொண்டு செல்லும் தண்டுவடத்து நரம்பிழைகள் அறுபட்டால், அவை தாமாக மீண்டும் வளர்ந்து இணைவது மிக அரிது. தலையில் அடிபட்டு அழிந்த மூளை நரம்பணுக்களின் நிலையும் ஏறக்குறைய இதுவே. குருத்தணு என்பது, இன்ன உறுப்பிற்கென இன்னும் முற்றாகத் தனித்துவம் பெறாத உயிரணு. அதனை நரம்பணுவாக வளர்த்துக் காயத்தில் வைக்கலாமா என்பதே ஆய்வாளர் கேள்வி.

1998-ல் அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவிலிருந்து குருத்தணுக்களைப் பிரித்து வளர்த்தார். அதற்காகக் கரு அழிக்கப்பட்டது. பிறருக்கு நலம் தேடுவதற்காயினும் ஓர் உயிரை அழிப்பது தகாது எனத் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 2000 ஆகஸ்டில் தெளிவுறுத்தினார். வளர்ந்தவரின் உடலிலிருந்தும், பிறப்பின்போது தொப்புள்கொடி இரத்தத்திலிருந்தும் பெறும் குருத்தணுக்களைத் திருச்சபை தடுக்கவில்லை. 2006-ல் ஜப்பானிய அறிஞர் ஷின்யா யாமனாக்கா, எலியின் முதிர்ந்த உயிரணுவையே குருத்தணு நிலைக்குத் திருப்பிக் காட்டினார். அடுத்த ஆண்டு மனிதத் தோலணுவிலும் அது கைகூடியது. 2012-ல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

அம்முறையில் உண்டாக்கிய அணுக்களை, டோக்கியோவின் கெயோ பல்கலைக்கழகத்தார் 2021 டிசம்பர் முதல், தண்டுவடம் அடிபட்டுச் சில வாரங்களே ஆன நால்வருக்குச் செலுத்தினர். முடிவு 2025 மார்ச்சில் வெளியாயிற்று. கடுமையான தீங்கு எவருக்கும் நேரவில்லை; இருவர் முன்னேறினர்; அவர்களுள் ஒருவர் எழுந்து நின்று நடை பழகினார். மகிழ்ச்சிக்குரிய செய்தியே. எனினும் நால்வரைக் கொண்டு முடிவு கட்டலாகாது. அடிபட்ட முதல் மாதங்களில் ஓரளவு இயல்பாகவே குணம் காண்போரும் உண்டு. பல்லாண்டு படுக்கையிலிருப்போர்க்கு இது பயன் தரும் என இச்சோதனை நிறுவவில்லை.

நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, சில இரத்த நோய்கள் போன்ற ஒப்புக்கொள்ளப்பட்டவை நீங்கலாகப் பிறவற்றிற்குக் குருத்தணுவை அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே தரலாம். ஆகவே "இது பதிவு பெற்ற ஆய்வா? பதிவு எண் என்ன?" என்று கேளுங்கள். ஆய்வுக்கென்று இலட்சக்கணக்கில் பணம் கேட்டால் எச்சரிக்கையாய் இருங்கள்.

அப்படியாயின் நம்பிக்கையே இல்லையா? உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-ல் வாகன விபத்தில் இடுப்பிற்குக் கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். 1966-ல் அங்கு மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட அவரே காரணமாயிருந்தார். அவருக்குக் கால் திரும்பவில்லை, வாழ்வு திரும்பியது.

இன்றே நம்மால் இயல்வனவும் உள. விழுந்தவரைக் கையும் காலும் பிடித்துத் தூக்காமல், கழுத்தும் முதுகும் வளையாதபடி பலகையில் கிடத்திக் கொண்டு செல்லுங்கள். படுக்கையிலிருப்பவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வையுங்கள். படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் உயிரையே குடிக்கும். கப்பர்நாகும் ஊரில் திமிர்வாதக்காரனைச் சுமந்து சென்றோர் நால்வர் என்கிறது நற்செய்தி. முடங்கிக் கிடக்கும் ஒவ்வொருவருக்கும் அத்தகைய நால்வர் நம் பங்கிலும் தேவை.