அப்பா வர இன்னும் எத்தனை மிட்டாய்?

அமெரிக்கப் படைவீரர்களின் வீடுகள் பலவற்றில் சமையலறை அலமாரியின் மேல் ஒரு கண்ணாடி ஜாடி இருக்கும். அதற்குள் வெள்ளித்தாள் சுற்றிய குட்டிக் குட்டிச் சாக்லேட்டுகள். ஹெர்ஷி நிறுவனம் தயாரிக்கும் அந்தச் சாக்லேட்டின் பெயரே 'கிஸ்', அதாவது முத்தம். இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் போர் நடந்த ஆண்டுகளில், அங்கே கிளம்புகிறவர் போவதற்கு முன்னால் உட்கார்ந்து எண்ணிப் போட்டுவிட்டுப் போவார். 210 நாள் என்றால் 210. தினமும் இரவு படுக்கப் போகும்போது பிள்ளைக்கு ஒன்று. பல் டாக்டர்கள் இதை ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு விஷயம். ஜாடி காலியானால் அப்பா வந்துவிடுவார், அதுதான் கணக்கு.

வேறு சில வீடுகளில் காகிதச் சங்கிலி. வண்ணத்தாளை வளையம் வளையமாகக் கோத்துச் சுவரில் தொங்கவிட்டு, நாளுக்கு ஒன்றாகக் கிழிப்பார்கள். இன்னும் சில வீடுகளில் இரண்டு கடிகாரங்கள் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கும். ஒன்றில் வீட்டு நேரம், இன்னொன்றில் பாக்தாத் நேரம்.

பார்க்க விளையாட்டுபோலத் தோன்றும். ஆனால் குழந்தை உளவியல் ஆய்வகங்களில் அளந்து பார்த்த ஒரு சிக்கலுக்கு, அந்த ஆய்வுகளைப் பற்றிக் கேள்விப்படாத தாய்மார்கள் கண்டுபிடித்த வைத்தியம் இது. மூன்று வயதுப் பிள்ளையிடம் "அப்பா ஏழு மாதத்தில் வந்துடுவார்" என்று சொன்னால், அதன் காதில் 'ஏழு மாதம்' என்பது வெறும் ஓசை. அதற்கு நீளமும் இல்லை, எடையும் இல்லை.

"நாளைக்குத் தாத்தா வீட்டுக்குப் போனோம்ல?" என்று கேட்காமல் எந்தத் தமிழ்ப் பிள்ளையும் வளர்ந்ததில்லை. இதையே கலிபோர்னியாவின் சான் டியேகோவில் கேத்தரின் டில்மன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் முறைப்படி சோதித்து, 2017-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மூன்று முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளிடம் ஒரு நீண்ட கோட்டைக் காட்டினார்கள். ஒரு முனை கடந்த காலம், மறு முனை வருங்காலம், நடுவில் 'இப்போது'. நேற்று எங்கே, நாளை எங்கே, போன வாரம் எங்கே என்று குறிக்கச் சொன்னார்கள். நேற்று என்பது முடிந்துபோனது, நாளை என்பது வரப்போவது என்ற பாகுபாடு சுமார் நான்கு வயதிலேயே பலருக்கு வந்துவிடுகிறது. எது முந்தி, எது பிந்தி என்ற வரிசையும் மெல்லப் பிடிபடுகிறது. எவ்வளவு தூரம் என்பது மட்டும் ஏழு வயதை ஒட்டித்தான் தெளிகிறது. அதுவரை நாளையும் அடுத்த வருடமும் ஒரே திசையில் இருக்கும் இரண்டு மூடுபனிகள்.

ஜாடி அந்தத் தூரத்தைக் கண்ணுக்குத் தெரிகிற உயரமாக மாற்றிவிடுகிறது. நேற்றைவிட இன்று மட்டம் இறங்கியிருக்கிறது. பிள்ளைக்கு எண்ணத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

இந்த ஏற்பாட்டில் ஒரே ஓட்டை, எத்தனை மிட்டாய் என்பதைக் குடும்பம் தீர்மானிப்பதில்லை. 2006 கோடையில் அலாஸ்காவின் ஃபோர்ட் வெயின்ரைட் தளத்தைச் சேர்ந்த 172-ஆவது ஸ்ட்ரைக்கர் படைப்பிரிவு, இராக்கில் ஒரு வருடத்தை முடித்துவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. சில நூறு பேர் வந்தே சேர்ந்துவிட்டார்கள். அந்த நேரத்தில் நான்கு மாத நீட்டிப்பு அறிவிப்பு வந்தது. வீடு வந்து சேர்ந்தவர்களில் சுமார் 300 பேர் மறுபடியும் இராக்குக்கு விமானம் ஏற வேண்டியதாயிற்று. கொதித்துப்போன குடும்பங்களைச் சந்திக்கப் பாதுகாப்பு அமைச்சர் டொனால்டு ரம்ஸ்ஃபெல்டே அலாஸ்காவுக்குப் போனார். அடுத்த ஆண்டு ஏப்ரலில், அவருக்குப் பின் அமைச்சரான ராபர்ட் கேட்ஸ், தரைப்படையின் பணிக்காலம் 12 மாதத்திலிருந்து 15 மாதமாகிறது என்று பொதுவாகவே அறிவித்துவிட்டார். பெரியவர்களுக்கு மூன்று மாதம். பிள்ளைக்கோ, காலியாகிக்கொண்டிருந்த ஜாடியில் திடீரென்று 90 மிட்டாய் ஏறிக்கொண்டது.

2001-க்குப் பிறகான போர்களில் இப்படித் தாயையோ தந்தையையோ அனுப்பிவிட்டுக் காத்திருந்த அமெரிக்கப் பிள்ளைகள் சுமார் 20 லட்சம் பேர். இத்தனை பேர் இருந்தும், பள்ளிக்குப் போகாத வயதுப் பிள்ளைகளை ஆய்வாளர்கள் திரும்பிப் பார்க்கத் தாமதமாயிற்று. சின்னப் பிள்ளை, அதற்கென்ன புரியும் என்ற பழைய நினைப்பு அமெரிக்காவிலும் உண்டு.

2008-இல் வெளியான ஓர் ஆய்வு அதைக் கொஞ்சம் அசைத்தது. ஒரு மரைன் படைத்தளத்தின் குழந்தைக் காப்பகங்களில் ஒன்றரை முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். பெற்றோரில் ஒருவர் போர்முனையில் இருந்த பிள்ளைகளில், மூன்று வயதைத் தாண்டியவர்களிடம் அடம், அடிதடி, அழுகை போன்ற நடத்தைச் சிக்கல்கள் மற்ற பிள்ளைகளைவிடக் கூடுதலாக இருந்தன. வீட்டில் தனியாகச் சமாளிக்கும் தாயின் மனச்சோர்வைக் கணக்கில் கழித்த பிறகும் அந்த வித்தியாசம் மிஞ்சியது. அம்மா சோர்ந்திருப்பதால் மட்டும் பிள்ளை அடம்பிடிக்கவில்லை. பிள்ளைக்கென்று தனியாக ஒரு கணக்கு இருக்கிறது.

2010-இல் இன்னும் பெரிய ஆய்வு ஒன்று வந்தது. மூன்று முதல் எட்டு வயது வரையுள்ள ஆறு லட்சத்துக்கும் அதிகமான படைவீரர் பிள்ளைகளின் மருத்துவமனைப் பதிவுகளைப் புரட்டினார்கள். பெற்றோர் போர்ப்பணியில் இருந்த மாதங்களில் மனநலம், நடத்தை சார்ந்த காரணங்களுக்காக டாக்டரிடம் வந்தது 11 சதவீதம் கூடியிருந்தது. நடத்தைக் கோளாறுகள் 19 சதவீதமும், மன அழுத்தக் கோளாறுகள் 18 சதவீதமும் அதிகம். இந்த எண்களை எப்படிப் படிப்பது? பெரும்பாலான பிள்ளைகள் டாக்டரிடம் போகாமலேயே கடந்துவிட்டார்கள் என்றும் படிக்கலாம். ஒற்றை ஆளாக வேலை, சமையல், காய்ச்சல், ராத்திரி அழுகை எல்லாவற்றையும் பார்க்கிற அம்மாவுக்குப் பிள்ளையை அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போய்க் காத்திருக்க நேரம் கிடைத்தால்தானே அது பதிவேட்டில் ஏறும் என்றும் படிக்கலாம். இரண்டாவதில் உண்மை அதிகம் என்று தோன்றுகிறது.

இனி, அப்பா இருந்த இடத்தில் எதை வைப்பது? இதற்கு வந்த விடைகளிலேயே விசித்திரமானது 'ஃபிளாட் டாடி'. தட்டை அப்பா. வீரரின் இடுப்புக்கு மேற்பட்ட உருவத்தை ஆளளவுக்குப் படமாக அச்சடித்து அட்டையில் ஒட்டியிருப்பார்கள். வடக்கு டகோட்டாவில் ஒரு படைவீரரின் மனைவி தொடங்கிய யோசனையை, 2006 வாக்கில் மெய்ன் மாநிலத்தின் தேசியக் காவல் படை கையிலெடுத்துக் குடும்பங்களுக்கு வழங்கத் தொடங்கியது. ஜெஃப் பிரவுன் 1964-இல் எழுதிய 'ஃபிளாட் ஸ்டான்லி' என்ற சிறுவர் கதையில் பலகை விழுந்து தட்டையாகிப்போகும் பையனிடமிருந்து வந்த பெயர். தட்டை அப்பா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார், காரின் முன் சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு பயணம் போனார், பிறந்தநாள் படங்களில் நின்றார். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். நம் வீடுகளில் மாலை போட்டு மாட்டும் படங்களை நினைத்தால் முதுகு சிலிர்க்கவும் செய்யும். ஆனால் கைக்குழந்தைக்கு முகம் மறந்துபோகாமல் பார்த்துக்கொள்ள அந்த அட்டைக்கு ஒரு பயன் இருந்தது. அட்டைக்கு இல்லாதது ஒன்றுதான்: பிள்ளை சிரித்தால் அது திருப்பிச் சிரிக்காது.

அந்தத் திருப்பிச் சிரிப்பில்தான் விஷயமே இருக்கிறது என்று சொல்லும் ஒரு பழைய சோதனை உண்டு. லின் மரே, கால்வின் ட்ரெவார்தன் இருவரும் 1980-களில் செய்தது. இரண்டு மாதம் போல வயதுள்ள சிசுவை ஓர் அறையிலும் தாயை வேறோர் அறையிலும் உட்காரவைத்து, டிவி வழியாக நேருக்கு நேர் பார்க்கச் செய்தார்கள். நேரலையில் சிசு சிரித்தது, கொஞ்சியது. பிறகு சற்று முன் பதிவான தாயின் அதே சிரிப்பைத் திரும்பப் போட்டார்கள். முகம் அதேதான், குரலும் அதேதான், ஆனால் சிசுவின் அசைவுக்குப் பொருத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. சிசு முகத்தைத் திருப்பிக்கொண்டது, சிணுங்கியது. பின்னால் இதைச் செய்து பார்த்தவர்களில் சிலருக்கு இதே முடிவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வளர்ந்த பிள்ளைகளிடம் சான்று இன்னும் உறுதியாக இருக்கிறது. இரண்டு முதல் இரண்டரை வயதுப் பிள்ளைகளுக்குப் புதிய வினைச்சொற்களைக் கற்றுக்கொடுத்த ஆய்வு ஒன்று 2014-இல் வெளியானது. நேரில் சொல்லிக்கொடுத்தபோது கற்றுக்கொண்டார்கள். வீடியோ அழைப்பில் சொல்லிக்கொடுத்தபோதும் கற்றுக்கொண்டார்கள். பதிவான வீடியோவைப் போட்டுக்காட்டினால் ஏறவில்லை. திரையா நேரா என்பதைவிட, பதிலுக்குப் பதில் கிடைக்கிறதா என்பதே பெரிதாக இருந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பு 2016-இல் ஒன்றரை வயதுக்குக் கீழ் திரையே வேண்டாம் என்று அறிவுரை சொன்னபோது, வீடியோ அழைப்புக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது.

ஆனால் போர்முனையில் நேரலை எப்போதும் கிடைக்காதே. குளிர்காலத்தில் கலிபோர்னியாவில் பிள்ளை தூங்கப்போகும் இரவு 8 மணிக்கு பாக்தாத்தில் மறுநாள் காலை 7. அப்பா ரோந்துக்குக் கிளம்பியிருப்பார். கடலுக்கடியில் நீர்மூழ்கியில் இருப்பவருக்கோ இணையமே கிடையாது. அப்போது பதிவுதான் கைகொடுக்கிறது. கடற்படை மருத்துவர் ஒருவரின் மனைவியான பெட்டி மோலன்ப்ராக், வியட்நாம் போர்க்காலத்தில் பணி முடிந்து வந்த கணவரைத் தன் பெண்குழந்தை அடையாளம் தெரியாமல் பார்த்த அனுபவத்திலிருந்து, 1989-இல் சான் டியேகோவில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். கப்பலில் இருப்பவர் ஒரு கதைப்புத்தகத்தைக் கேமரா முன் வாசிப்பார். பதிவும் புத்தகமும் வீட்டுக்கு வந்துசேரும். இங்கே பதிவு தனியாக ஓடுவதில்லை. பக்கத்தில் அம்மா உட்கார்ந்து, அப்பா வாசிக்க வாசிக்கப் பக்கத்தைத் திருப்புகிறார். திரை கொடுக்க முடியாத பதிலை மடி கொடுத்துவிடுகிறது.

அழைப்பே வராத நாட்களும் உண்டு. ஒரு முகாமில் யாராவது உயிரிழந்தாலோ படுகாயம் அடைந்தாலோ, அந்தக் குடும்பத்துக்கு முறைப்படித் தகவல் சொல்லும்வரை அங்கே தொலைபேசியையும் இணையத்தையும் துண்டித்துவிடுவார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த வழக்கம் தெரியும். மௌனம் நீண்டால் யாரோ ஒருவர் வீட்டுக் கதவு தட்டப்படப்போகிறது என்று பொருள். அந்த இரவிலும் பல் தேய்த்துவிட வேண்டும், மிட்டாய் கொடுக்க வேண்டும். பிள்ளைக்குச் செய்தி எதுவும் தெரியாது, அம்மாவின் முகம் தெரியும். 1985-இல் வெளியான ஒரு சோதனையில், கண்ணாடித் தளத்துக்கு அடியில் சிறு பள்ளம் தெரியும் மேடையில் ஒரு வயதுக் குழந்தைகளைத் தவழவிட்டார்கள். எதிரே நின்ற அம்மா முகம் மலர்ந்திருந்தபோது 19 பேரில் 14 பேர் கடந்தார்கள். அம்மா பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை.

திரும்பி வரும் நாளைத்தான் செய்திப்படங்களில் காட்டுவார்கள். கொடி, கூச்சல், ஓடிவந்து கட்டிக்கொள்ளும் பிள்ளை. ஆப்ரகாம் லிங்கன் என்ற விமானந்தாங்கிக் கப்பல் 2002 ஜூலையில் புறப்பட்டு, ஊர் திரும்பும் வழியில் இராக் போருக்காகத் திருப்பி அனுப்பப்பட்டு, 2003 மே மாதத்தில் கரைசேர்ந்தது. அதற்குள் கப்பலில் இருந்தவர்களுக்குப் பிறந்த குழந்தைகள் 150. புதிதாக அப்பா ஆனவர்களை முதலில் இறங்கவிடுவது அமெரிக்கக் கடற்படையின் வழக்கம். ஆகஸ்டில் பிறந்த குழந்தைக்கு அன்று ஒன்பது மாதம். வேற்றுமுகம் கண்டால் அலறுகிற பருவம் அதுவேதான். சட்டைப்பையில் படத்தை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருந்தவருக்கு, கையில் வாங்கியதும் வீறிடும் குழந்தை கிடைத்தால், அது வளர்ச்சி சரியாக இருப்பதன் அடையாளம் என்று யார் அங்கே நின்று விளக்குவது?

அந்த முதல் நாள் அழுகை ஓய்ந்துவிடும். இழுத்துக்கொண்டே போவது வேறொன்று. இரண்டாம் உலகப் போரில் இருந்தபோது முதல் குழந்தையைப் பெற்ற தந்தையர்களை லோயிஸ் மீக் ஸ்டோல்ஸ் ஆராய்ந்து 1954-இல் புத்தகமாக்கினார். திரும்பி வந்தவர்கள் அந்தப் பிள்ளையிடம் கண்டிப்பாகவும் குறைகண்டும் நடந்தார்கள். பின்னர் தம் கண்முன்னே பிறந்த இரண்டாவது பிள்ளையிடம் இளகினார்கள். 'எல்மோ' பொம்மையால் உலகப்புகழ் பெற்ற செசமி நிறுவனம் இந்தப் பிரிவுக்கும் திரும்புதலுக்கும் பிள்ளைகளைத் தயார்படுத்தப் படைக் குடும்பங்களுக்காக 2006 முதல் இலவசப் படத்தொகுப்புகள் தந்தது. முதலாவதில் எல்மோவின் அப்பா ஊரைவிட்டுப் போகிறார். 2008-இல் வந்த அடுத்த தொகுப்பு திரும்பி வருவதைப் பற்றியது. அதில் ரொஸிட்டா என்ற இன்னொரு பொம்மையின் அப்பா சக்கர நாற்காலியில் வருகிறார்.

நம் பக்கத்தில் இந்தக் காத்திருப்புக்கு வேறு உருவம். வேலூர் மாவட்டம் கம்மவான்பேட்டைக்கு 'ராணுவப்பேட்டை' என்றே பெயர். வீட்டுக்கு ஒருவராவது படையில் என்று பேசப்படும் ஊர். படைத்தளத்துக்கு வெளியே, ஊருக்குள் வாழும் அமெரிக்க தேசியக் காவல் படை வீரரின் பிள்ளை, வகுப்பிலேயே அப்பா போர்முனையில் இருக்கிற ஒரே பிள்ளையாக இருக்கக்கூடும். இங்கே பக்கத்து வீட்டு அப்பாவும் லடாக்கில். மடிக்குத் தாத்தா பாட்டி இருக்கிறார்கள். இந்திய ஜவானுக்கு ஆண்டு விடுப்பு 60 நாள், தற்செயல் விடுப்பு 30 நாள். இந்தத் தொண்ணூறு நாளைத் தீபாவளி, பொங்கல், நாத்து நடவு, தங்கை கல்யாணம் என்று பிய்த்துப் பங்கிட வேண்டும். சியாச்சின் போன்ற இடங்களுக்குக் குடும்பத்தைக் கூட்டிப்போக வழியில்லை, குடும்பத்தோடு இருக்க முடிகிற அமைதிப் பகுதிப் பணி, அதாவது பீஸ் போஸ்டிங், வரும்வரை இப்படித்தான்.

லீவு முடிவதைப் பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை, அழும் என்று. லீவு நாள் எவ்வளவு என்று அதற்குத் தெரியாதுதான். ஆனால் எதற்கடுத்து எது வரும் என்ற வரிசை நான்கு வயதுக்குப் பிடிபடத் தொடங்கிவிடுகிறதே. அடுப்பில் முறுக்கு வேகிறது, பாட்டி ஊறுகாயை டப்பாவில் அடைக்கிறாள், பரணிலிருந்து கறுப்பு டிரங்குப் பெட்டி இறங்குகிறது. காட்பாடியில் ரயிலுக்கு இன்னும் ஒரு ராத்திரி இருக்கும்போதே, பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது பிள்ளை.