கொசுவின் வயிற்றில் ஓர் ஆறுகால் சாட்சி

பூண்டி, புழல், சோழவரம், 2020இல் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் என்று ஏரிகளால் ஆனது திருவள்ளூர் மாவட்டம். அதே மாவட்டத்து கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைப் பக்கம் போனால் சிமென்ட் தொட்டி, மொட்டைமாடித் தொட்டி, மழைநீர் தேங்கிய டயர். கொசுவுக்கு இரண்டும் ஒன்றுதான். கையில் சிக்கிய கொசு எந்த நீரில் பிறந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது? சில நேரம் அதன் வயிற்றில் ஒட்டியிருக்கும் ஒரு சிறு உருண்டை அதைச் சொல்லிவிடும்.

அந்த உருண்டை, நீர்ச் சிலந்திப்பேனின் லார்வா. உலகில் 6,000க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ள கூட்டம் இது. அனாபிலிஸ் கொசுவில் ஒட்டும் ‘அர்ரெனூரஸ் மதராசி’ என்ற இனத்தை, இலங்கையில் திரட்டிய மாதிரிகளைக் கொண்டு 1898இல் விவரித்தவர் ஹங்கேரிய விலங்கியலாளர் தாதாய். அதன் வாழ்க்கைச் சுழற்சியைப் பற்றிய ஆய்வை ராஜேந்திரன், பிரசாத் இருவரும் 1994இல் ‘ஜர்னல் ஆஃப் பயோசயின்சஸ்’ இதழில் வெளியிட்டார்கள்.

வளர்ந்த பேனுக்கு எட்டுக் கால், லார்வாவுக்கு ஆறுதான். உடல் நீளம் கால் மில்லிமீட்டர் அளவு. முதுகை ஒரு கெட்டித் தகடு மூடியிருக்கும். வயிற்றுப் பக்கம் கால்கள் முளைக்கும் இடத்தில் மூன்று இணைத் தகடுகள். முதல் இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு நுண்ணுறுப்பு. உடலின் உப்பு, நீர்ச் சமநிலைக்கு உதவுவது என்று கருதுகிறார்கள். விந்தை என்னவென்றால், இதன் குடல் முட்டுச்சந்து: மலவாய் கிடையாது. பின்புறம் தெரியும் துளை, கழிவுநீக்க உறுப்பின் வாய் மட்டுமே. அந்தத் துளையைச் சுற்றிய தகட்டின் வடிவம், கால்களில் உள்ள முடிகளின் எண்ணிக்கை, அவை அமைந்த இடம் ஆகியவற்றை வைத்துத்தான் இனத்தைப் பிரித்தறிகிறார்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலை.

லார்வா நீந்திப்போய்க் கொசுவின் கூட்டுப்புழுவைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அதை உறிஞ்சாது. காத்திருக்கும். கூட்டைக் கிழித்துக் கொசு வெளியேறும் அந்தச் சில நிமிடங்களில் அதன் மேல் தாவிவிடும். தோல் மெல்லிதாக இருக்கும் இடத்தில் வாயுறுப்பைச் செருகும். அதன் எச்சில் கொசுவின் திசுவுக்குள் உறைந்து ஒரு குழாயாகிறது. அதன் வழியே கொசுவின் உடல்திரவத்தை உறிஞ்சுகிறது. முதுகுத் தகடு விரியாது. தகடுகளுக்கு இடையிலுள்ள சவ்வு விரிந்துகொண்டே போய் உடல் பந்தாகிறது. மனிதரை இது கடிப்பதில்லை.

பெண் கொசு முட்டையிட நீருக்குத் திரும்பும்போது பேன் உதிர்ந்து இறங்கிவிடும். ஆண் கொசுவில் ஏறியது பெரும்பாலும் ஏமாந்த கேஸ். ஆகவே பேன் ஒட்டிய பெண் கொசு, அநேகமாக இன்னும் முட்டையிடாத இளங்கொசு. மலேரியா பரப்ப வேண்டுமானால் கொசு பலநாள் வாழவேண்டும் என்பதால் பூச்சியியலாளருக்கு இந்தக் குறிப்பு முக்கியம். பேன் உதிர்ந்த இடத்தில் தழும்பு நிற்பதும் உண்டு. அதையும் தேடிப் பார்ப்பார்கள்.

கூடவே, அந்தக் கொசு செடிகொடி உள்ள குட்டையிலோ குளத்திலோ வயலிலோ வளர்ந்திருக்கும் என்றும் ஊகிக்கலாம். இந்தப் பேன்களைக் கொண்டே கொசுவை ஒழிக்கலாமே என்ற யோசனை பழையது. நிறையப் பேன் ஏறினால் கொசு இடும் முட்டை குறைவது உண்மைதான். ஆனால் நகரத்து மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி வளர்வது கிணற்றிலும் மொட்டைமாடித் தொட்டியிலும். தொட்டியில் பேன் குடும்பம் நடத்தாது. அங்கே மூடிதான் வேண்டும்.